எந்தக் கூடாரத்திலும் காப்பி குடிக்காதீர்கள்

லாரியில் புதிதாக ஏறப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஐந்தாவதோடு நின்றவன். தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் கம்பெனி கார் செய்கிறது. தாழ்ந்த கார், வேகமான கார். ஆனால் பந்தயம் ஓடுவது நாம் இல்லை. வாங்கினவர்கள் ஓடுகிறார்கள். நாம் லாரியில் ஸ்பேரும் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போகிறோம். ஒரே பந்தயத்தில் நம் கார் இரண்டு ஓடும், மூன்று ஓடும். எல்லாருமே நம்மிடம் வாங்கினவர்கள். ஒருவர்தான் ஜெயிப்பார். தோற்றவர் முதலில் திரும்பிப் பார்ப்பது லாரியைத்தான். அவனுக்கு நல்ல பிளக்கைக் கொடுத்தாய், எனக்குச் சொத்தையைக் கொடுத்தாய் என்பார். இதுதான் உங்கள் உத்தியோகம். என்ஜின் வேலை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். இது சொல்லிக்கொடுத்து வராது.

எனக்கு வேலை காட்டின மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். லாரியில் ஒரு மண்பானை கட்டியிருந்தார். தாகம் எடுத்தால் அதில்தான் குடிக்க வேண்டும். பந்தயக்காரர்களின் எந்தக் கூடாரத்திலும் காப்பி கூடாது, வெற்றிலை கூடாது. ஒருமுறை மெட்ராஸ் பக்கத்துப் பந்தயத்தில் எங்கள் ஃபிட்டர் ஒருவன் ஒரு கூடாரத்தில் வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டான். மேஸ்திரி திட்டவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அன்று சாயங்காலம் தோற்றவர் லாரிக்கு வந்து, "வாழைப்பழம் தின்ன கை மாட்டுன பிளக்குதானே அவனுக்கு?" என்று கேட்டார். அந்த ஃபிட்டர் காலையிலேயே ஊருக்குப் போய்விட்டான் என்று மேஸ்திரி சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஸ்பேர் கொடுப்பதும் அப்படித்தான். இரண்டு கார்புரேட்டர் இருந்தால் இரண்டையும் தார்ப்பாயில் வைப்போம். பூவா தலையா போட்டு ஜெயித்தவர் முதலில் எடுத்துக்கொள்வார். நாம் எதையும் கையில் எடுத்து நீட்டுவதில்லை. ஒரு கூடாரத்தில் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் சொல்வதில்லை. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வோம்.

இனி தஞ்சாவூர்ப் பந்தயம். லாரி என் பொறுப்பில் வந்த பிறகு நடந்தது.

என் சொந்தச் சீமைதான். ஆனால் அந்த வருஷம் அங்கே எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள். ஆட்சி மாறியிருந்தது. சுவருக்குச் சுவர் கறுப்பும் சிவப்புமாக எழுதியிருந்தார்கள். நில உச்சவரம்பு வருகிறது என்று பேச்சு. பண்ணைகள் நிலத்தை மாட்டுக்காரன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் எழுதி வைத்தன. எழுதி வைத்துவிட்டு அந்த மாட்டுக்காரனைச் சந்தேகப்பட்டன. குறுவை அறுப்பு நேரம். கூலி கூடக் கேட்டு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆளை வயலில் இறக்கினால் செங்கொடி வரும். அதன் பின்னால் போலீஸ் வண்டி வரும். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் நேராக நடந்து திரும்பவில்லை.

இதற்கு நடுவில் பந்தயம். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட பழைய விமான ஓடுதளம். அவன் போன பிறகு ஊர்க்காரர்கள் அதை நெற்களமாக ஆக்கிக்கொண்டார்கள். பந்தயத்துக்காகப் பெருக்கியிருந்தார்கள். ஓரத்தில் வைக்கோல் தூசியும் பதரும் குவிந்து கிடந்தன.

நம் கார் இரண்டு. ஒன்று மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணையார் வாங்கினது. ஓட்டுவது அவர் மகன். சின்னவர் என்பார்கள். இன்னொன்று கடற்கரைப் பட்டணத்துக் காதர் பாய் வாங்கினது. பினாங்கில் கடை, இங்கே அரிசி வியாபாரம். உடம்பு பெரிது. காருக்குள் இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இறங்கிவிட்டால் நன்றாக ஓட்டுவார்.

பந்தயத்துக்கு முதல் நாள் பண்ணையார் என்னைத் தன் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது.

"ஒரத்தநாடாமே. அங்க யாரு வூடு?"

எந்தச் சாதி என்று கேட்கிறார். புரிந்தது.

"லாரிதாங்க வூடு."

அவர் சிரிக்கவில்லை. "காப்பி சாப்புடு."

"வேண்டாங்க. கம்பெனி உத்தரவு."

"என் வூட்டுக் காப்பிய வேண்டாம்னு சொன்னவன் இந்தத் தாலுக்காவுலயே இல்ல."

"எனக்கு இந்தத் தாலுக்காவுல ரெண்டு நாள்தாங்க வேலை."

டம்ளர் திரும்பிப் போனது. அங்கிருந்து வெளியே வந்தால் காதர் பாய் நிற்கிறார்.

"என்னா தம்பி, நம்ம கூடாரத்துல பிரியாணி ஆவுது. எறங்காதோ?"

"பிரியாணி எறங்கும் பாய். கூடவே நானும் லாரியை விட்டு எறங்கணும்."

"நல்லவேளை. பண்ணைக் காப்பி மட்டும் எறங்கியிருந்துச்சு, இன்னைக்கே காரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வெள்ளி டம்ளரு அப்படியே திரும்புனதப் பார்த்துட்டுத்தான் உங்கிட்ட பேசுறேன்."

ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார். வைக்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

பண்ணை காருக்கு மெக்கானிக் செல்லையன். பண்ணைச் சேரியில் பிறந்தவர். டிராக்டர் ஓட்டக் கற்று, பழுது பார்க்கக் கற்று, கார் வந்ததும் காருக்கு வந்தவர். முப்பது வயசு இருக்கும். அவர் அண்ணன் செங்கொடிச் சங்கத்தில் இருந்தார். அறுப்புக்கு வராமல் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

இதைப் பண்ணையாரின் காரியக்காரர்தான் எனக்குச் சொன்னார். பண்ணையின் வரவு செலவு, அரிசி மில்லு, ஆள் அம்பு எல்லாம் அவர் கையில். செல்லையனைப் பற்றிக் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "போன வருஷம் வரைக்கும் 'ஆண்டே'ன்னுதான் கூப்புடுவான். இப்ப 'அய்யா'ங்கிறான். மாறிட்டான்."

ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தார். அது போதும்.

அந்தக் காலத்தில் பெட்ரோலை முதல் நாள் சாயங்காலமே கொடுத்துவிடுவோம். நம் பீப்பாயிலிருந்து, நம் டின்களில், இரண்டு பேர் முன்னாலும் பிடித்துக் கொடுப்போம். பிறகு அவரவர் டின்னை அவரவர் காவல் காக்க வேண்டும். அன்றும் அப்படியே கொடுத்தேன். பாய் ஆட்கள் டின்களைக் கூடாரத்தில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பண்ணை டின்களைக் காரியக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எங்கோ போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை.

மறுநாள் காலைச் சுற்று. சின்னவர் முன்னால் போனார். நன்றாகப் போனார். பாதியில் கார் இருமியது. இன்னும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. காதர் பாய் பக்கத்தில் கடந்து போகும்போது கை காட்டினார். அது கும்பிடா கேலியா என்று தெரியவில்லை.

காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செல்லையன் என்ஜின் மூடியைத் திறந்தார். பெட்ரோல் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். உள்ளே பொன்னிறமாகத் தூசி நிறைந்து கிடந்தது.

"களத்துப் பதரு!" என்று காரியக்காரர் சத்தம் போட்டார். "களத்துல கெடந்தத அள்ளிப் போட்டுருக்கான்!"

யார் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் செல்லையனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பண்ணையார் எழுந்து வந்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. இதைக் கவனியுங்கள். நான் அப்போது கவனிக்கவில்லை.

"அண்ணன் வயல்ல கை வைக்கிறான். தம்பி கார்ல கை வைக்கிறான். அப்படித்தானேடா?"

"நான் போடலிங்க அய்யா."

"அய்யா!" என்றார் பண்ணையார், பக்கத்தில் இருந்தவர்களிடம். "கேட்டீங்களா?"

பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவரும் எழுந்து வந்தார். செல்லையனின் மேல்கையைப் பிடித்தார். முறுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டார்.

"எழுதிக் கொடுங்க. கொண்டு போயிடுறேன். சங்கத்துக்காரன், நாச வேலை. கேஸு நிக்கும்."

ஜீப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். செல்லையனுக்கு நன்றாகத் தெரியும்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். முதலில் காதர் பாயை நினைத்தேன். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு என் லாரி ஆட்களை நினைத்தேன். யாராவது பழம் தின்றிருப்பானோ. பிறகு செல்லையனைத்தான் நினைத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. குற்றம் செய்தவன் இப்படித்தான் இருப்பான். செய்யாமல் மாட்டிக்கொண்டவனும் இப்படித்தான் இருப்பான். வித்தியாசம் தெரியாது. நாற்பது வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று எவனாவது சொன்னால் அவனை லாரியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றேன் இன்ஸ்பெக்டரிடம். "பெட்ரோல் எங்களுது. நான் கேக்கணும்."

செல்லையனிடம் கேட்டேன். "டாங்கில ஊத்துனது யாரு?"

"காரியக்காரரு. என்னை வண்டிகிட்டக்கவே வரக் கூடாதுன்னுட்டாங்க."

"புனல்ல வடிகட்டித் துணி போட்டாரா?"

"துணி எங்கிட்ட இருந்துச்சு. கேக்கலிங்க."

காரியக்காரர் குறுக்கே வந்தார். "டின்னுலயே போட்டிருப்பான்."

"டின்னு ராத்திரி எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றார் செல்லையன்.

"எங்க இருந்துச்சு?" என்று நான் காரியக்காரரைக் கேட்டேன்.

"காவல்ல இருந்துச்சு."

பண்ணையார் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லாரிக்கு வந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே பீப்பாய்ப் பெட்ரோல். பாய் கார் ஓடுகிறது, பண்ணை கார் நிற்கிறது. அப்படியென்றால் பீப்பாயை விட்டுப் போன பிறகுதான் தூசி விழுந்திருக்கிறது. அங்கே யார் கை பட்டது?

காதர் பாய் வந்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்தார். கிண்ணத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"தம்பி, நீ நெல்லுச் சீமையிலதானே பொறந்த?"

"ஆமா."

"பதருன்னா முழுசா இருக்கும். உள்ள அரிசி இல்லாத நெல்லு. இது ஒடைஞ்ச தோலு. இது உமி. களத்துல எங்கடா உமி கெடக்கும்? மில்லுலதான் கெடக்கும்."

பார்த்தேன். உமிதான். எனக்குத் தெரியாத விஷயமா அது? சின்ன வயசில் உமி மூட்டை சுமந்தவன். ஆனால் நான் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த ஓடுதளத்துக்குப் பக்கத்தில் மில்லு ஒன்றுதான். பண்ணையாருடையது.

உடனே நான் பாயைச் சந்தேகப்பட்டேன். எதிராளிக்கு ஏன் இவர் உதவி செய்கிறார்? நேராகவே கேட்டேன்.

"இத எனக்கு ஏன் சொல்றீங்க பாய்? உங்களுக்கு இதுல என்னா?"

"நல்லாக் கேட்ட," என்றார். "அந்த ஆளு ஜீப்புல ஏறிட்டான்னு வையி. ஸ்டேஷன்ல வெச்சு அடிப்பானுவ. எவன் சொல்லிப் போட்டேன்னு கேப்பானுவ. மூணாவது அடியில அவன் என் பேரச் சொல்லுவான். நானா இருந்தாலும் சொல்லுவேன். அப்புறம் என் பொழப்பு? நெல்லு புடிக்க நான் இந்தப் பண்ணைகளுக்குத்தான் வரணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தனக்காகத்தான் சொல்கிறார். நல்ல மனசு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"நீங்க இங்க வந்தத யாரு பாத்தா?"

"எல்லாரும் பாத்தானுவ. காப்பி குடுக்க வந்தேன், நீ வேண்டாம்னுட்டேன்னு சொல்லிக்கிறேன்." போய்விட்டார்.

இப்போது என் கையில் விஷயம் இருந்தது. ஆனால் இதை எப்படிச் சொல்வது? பண்ணையார் மில்லு உமி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் என்ன ஆகும்? இல்லை என்பார். அவர் இல்லை என்றால் இன்ஸ்பெக்டரும் இல்லை என்பார். செல்லையன் ஜீப்பில் ஏறுவார். கூடவே நானும் ஏறலாம். ஒரத்தநாட்டில் யார் வீடு என்று விசாரித்திருப்பார்களே.

டின்களைப் பார்க்க வேண்டும். கேட்டால் தர மாட்டார்கள். அவர்களாகவே கொண்டுவர வேண்டும்.

திரும்பிப் போனேன். பண்ணையாரைப் பார்க்காமல் சின்னவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மதியச் சுத்துக்கு கார்புரேட்டர் கழுவணும். வடிகட்டி மாத்தணும். எல்லாம் லாரியில இருக்கு. ஆனா ஒரு கார் நின்னுச்சுன்னா, ரெண்டு கட்சி டின்னும் லாரிக்குத் திரும்பி வந்தப்புறம்தான் ஸ்பேரு எறக்கணும். கம்பெனி விதி."

அப்படி ஒரு விதி அன்று கிடையாது. இப்போது உங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அது அந்த இடத்தில் நான் சொன்னதுதான்.

"எதுக்கு டின்னு?" என்றார் காரியக்காரர்.

"எனக்கென்ன தெரியும்? விதி."

"டின்னு எங்களுக்கு வேணும்."

"வெச்சுக்குங்க. ஸ்பேரு லாரியிலயே இருக்கட்டும்."

சின்னவருக்கு ஓட வேண்டும். இருபத்தைந்து வயசு. காலையில் முன்னால் போனவர். "டின்னைக் கொண்டாங்க மாமா," என்று காரியக்காரரைப் பார்த்துக் கத்தினார். "இந்த டின்னை வெச்சுக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?"

காரியக்காரர் பண்ணையாரைப் பார்த்தார். மகன் சொன்ன பிறகு அவர் தடுத்தால் ஏன் தடுத்தார் என்று கேள்வி வரும். டின்கள் வந்தன.

தார்ப்பாயை வெயிலில் விரித்தேன். பாயின் டின்கள் ஒரு பக்கம், பண்ணை டின்கள் ஒரு பக்கம். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். அவர் செல்லையனையும் பிடித்துக்கொண்டே வந்தார். பாயையும் கூப்பிட்டேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.

பாய் டின்னைத் தூக்கிக் காட்டினேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பண்ணை டின்னைத் தூக்கினேன். மூடியைச் சுற்றி, கைப்பிடி மடிப்பில், அடித் தையலில் எல்லாம் உமி. பெட்ரோல் கசிந்த இடத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. டின்னைப் படுக்க வைத்து உமிக் குவியலுக்குள் புதைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சங்கத்துக்காரன் கை வைத்துவிடுவான் என்று ஒளித்திருக்கிறார்கள். பாய் ஆள் கை வைத்துவிடுவான் என்று ஒளித்திருக்கிறார்கள். நான் கை வைத்துவிடுவேன் என்றும்தான். மெக்கானிக்கையே நம்பாமல் காரியக்காரரே எடுத்து ஊற்றியிருக்கிறார். மெக்கானிக் ஊற்றியிருந்தால் துணி போட்டிருப்பார். துணி போட்டிருந்தால் உமி நின்றிருக்கும். யாரும் எதையும் போடவில்லை. சந்தேகம்தான் போட்டது.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சிரித்தார். "மில்லுல படுத்துத் தூங்கியிருக்கு போல." அவ்வளவுதான். பண்ணையார் முகம் இறுகியது. காரியக்காரர் தன் காலைப் பார்த்தார்.

இந்த இடம்தான் முக்கியம். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். உண்மை தார்ப்பாயில் கிடக்கும். அதை எடுத்து வாய்விட்டுச் சொல்ல ஆசையாக இருக்கும். சொன்னால் கூட்டம் உங்களைப் பெரிய ஆள் என்னும். ஆனால் இன்ஸ்பெக்டர் கை இன்னும் செல்லையன் கைமேல் இருந்தது. கூட்டத்துக்கு முன் தலைகுனிந்த பண்ணையார் அந்தக் கையை எடுக்கச் சொல்ல மாட்டார்.

டின் மூடியைத் திருகினேன். உள்ளே இருந்த வாஷரை எடுத்தேன். காய்ந்து சுருங்கியிருந்தது.

"வாஷரு சுருங்கியிருக்கு," என்றேன். "இது கம்பெனி குடுத்த வாஷரு. இது சரியா இருந்தா, டின்னு எங்க இருந்தாலும் உள்ள ஒண்ணும் போவாது. தப்பு எங்க மேல. இந்த ஆளு மேல ஒண்ணும் இல்லைங்க."

நான் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பண்ணையாரைப் பார்த்தார். "என்னங்க சொல்றீங்க?"

பண்ணையார் வாஷரைப் பார்க்கக்கூட இல்லை. "கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான். விடுங்க."

கை விலகியது.

பண்ணையார் இதை விடவில்லை. கம்பெனிக்கு எழுதினார். சுருங்கிய வாஷர் கொடுத்துத் தன் மகன் பந்தயத்தை நான் கெடுத்தேன் என்று. என்னை லாரியிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். மேஸ்திரி ஒருநாள் ஸ்டோருக்கு வந்தார்.

"வாஷரு சுருங்கியிருந்துச்சா?"

"சுருங்கியிருந்துச்சு."

"அதனாலயா கார் நின்னுச்சு?"

நான் அலமாரியில் வாஷர் பெட்டியை நேராக வைத்தேன். அவர் அடுத்ததைக் கேட்டார். "காப்பி குடிச்சியா அங்க?"

"இல்ல."

"சரி," என்று போய்விட்டார். அடுத்த பந்தயப் பருவத்தில் லாரிக்குத் திரும்ப வந்தேன். அவர் என்ன சொல்லி ஏற்றினார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைய மதியம் இன்னும் முடியவில்லை.

கார்புரேட்டரைக் கழுவினோம். டாங்கை வடித்தோம். பீப்பாயிலிருந்து புதுப் பெட்ரோல் பிடித்து, நல்ல வாஷர் போட்ட டின்னில் கொடுத்தேன். செல்லையன் வந்து டின்னுக்குப் பக்கத்தில் நின்றார். மற்றவர்கள் தள்ளி இருந்தார்கள்.

"நீங்களும் என்னைத்தான் நெனச்சீங்க."

"ஆமா."

"எப்ப வரைக்கும்?"

"பாய் உமின்னு சொல்ற வரைக்கும்."

தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. "பாதியத்தானே சொன்னீங்க. இன்ஸ்பெக்டரு விட்டுட்டாரு. பண்ணையில நாளைக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க. வாஷர நான்தான் சுருக்குனேன்னு சொல்லுவாங்க."

"பாய்கிட்ட வேலை இருக்கும்."

"கூப்புட்டாரு. போனா, போட்டது நான்தான்னு ஆயிரும்."

அது சரிதான். எனக்கு அது தோன்றவில்லை.

காரியக்காரர் டின்னைத் தூக்க வந்தார். செல்லையன் முந்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

"நான் ஊத்துறேன்."

"விடுடா."

"நான் ஊத்துறேங்க அய்யா," என்றார், பண்ணையாரைப் பார்த்து. சத்தமாகத்தான் சொன்னார். 'அய்யா' எல்லாருக்கும் கேட்டது.

சின்னவர்தான் சொன்னார். "ஊத்தட்டும்பா. நேரமாவுது."

செல்லையன் இடுப்பிலிருந்த வடிகட்டித் துணியை எடுத்து உதறினார். புனலில் விரித்து விளிம்பில் மடித்துவிட்டார். அவசரப்படாமல் ஊற்றினார். கூட்டம் மொத்தமும் பார்த்தது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை டின்னைச் சாய்த்துப் பிடித்தார். பிறகு துணியை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் விரித்தார். வெள்ளையாக இருந்தது.

அதைப் பண்ணையாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். யாரும் காட்டச் சொல்லவில்லை. பண்ணையார் பார்த்தார். இந்த முறை கிட்டத்தில் பார்த்தார். பிறகு செல்லையன் இன்ஸ்பெக்டரிடம் காட்டினார். பிறகு காதர் பாயிடம். பாய் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், துணியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியாகச் செல்லையன் என்னிடம் வந்தார்.

"நீங்களும் பாத்துக்குங்க."

நம் லாரியில் பெட்ரோல் ஊற்றியவுடன் துணியை எல்லாருக்கும் விரித்துக் காட்டுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அங்கிருந்து வந்தது. புதிதாக வருகிறவர்கள் சில பேர் அதை அவமானம் என்று முனகுகிறார்கள். எங்களை நம்பவில்லையா என்கிறார்கள். இல்லை. நம்பவில்லை. காட்டுங்கள்.

செல்லையன் என் முகத்துக்கு நேரே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம், எனக்குக் காட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் குனிந்து பார்த்தேன்.